மாநகர சபையே பைபர் போடலாமோ? யாழ்ப்பாணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கட ஒழுங்கையை கொஞ்சக் காலத்துக்குள்ள மூண்டு தரம் கிண்டிப்போட்டினம். முதல் தண்ணிக் குழாய்க்கு, பேந்து வாய்க்காலுக்கு, கடைசியா ஒரு கொம்பனியின்ர கேபிளுக்கு. மூண்டாந்தரம் வந்த பெடியன் அலவாங்கை ஓங்கிப் போட ஒரு அடிக்குக் கீழ டங் எண்டு சத்தம், அலவாங்கு துள்ளி வந்திட்டுது. "அண்ணை, இது மண் இல்லை, அடியில முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, மண் றேற்றுக்கு கொன்ராக்ற் எடுத்த ஆள் எங்களைப் பேய்க்காட்டிப் போட்டுது" எண்டு சொல்லிப்போட்டு மதிலோட குந்தியிருந்து தேத்தண்ணி குடிச்சான். நகரத்துக்கு இன்ரநெற் போடுற கதையில பெரிய செலவு எங்க கிடக்கெண்டு அண்டைக்குத்தான் எனக்கு வடிவா விளங்கினது. கண்ணாடி இழை மலிவு, கிண்டுறதுதான் காசு.

மாநகர சபை தன்ர பாட்டில பைபர், அதாவது அந்தக் கண்ணாடி இழைக் கேபிள், போட்டு சனத்துக்கு இன்ரநெற் குடுக்கலாம்தானே எண்டு இப்ப கன பேர் கதைக்கினம். குடுக்கலாம். ஆனா கதைக்கிற ஆக்கள் எல்லாரும் கடைசிப் படியில இருந்து தொடங்கினம், மாசம் எவ்வளவு, ஸ்பீட் எவ்வளவு எண்டு. அதுக்கு முதல் ஏற வேண்டிய படி கனக்க இருக்கு. சபை உறுப்பினரா இருந்தாலும் சரி, சும்மா வட்டாரத்தில கூட்டம் வைக்கிற ஆளா இருந்தாலும் சரி, இந்த ஒழுங்கில போங்கோ.

முதல் படி: என்ன குறை எண்டு கண்டுபிடியுங்கோ

யாழ் மாநகர எல்லை சுமார் 20 சதுர கிலோமீற்றர்தான், 2012 கணக்கெடுப்பில 88 ஆயிரம் சொச்சம் சனம். ரவுணுக்குள்ள ஏற்கெனவே பைபர் ஓடுற றோட்டுகள் இருக்கு, எஸ்எல்ரி, டயலொக் எண்ட தொலைபேசிக் கொம்பனியள் நிக்கினம், 2025 ஜூலையில செய்மதியால இன்ரநெற் தாற ஸ்ரார்லிங்கும் இலங்கைக்கு வந்திட்டுது. அப்ப சபை இறங்கினா யாருக்கு இறங்குது? லைனே வராத ஒழுங்கைக்கோ, லைன் இருந்தும் பில் கட்ட ஏலாத வீட்டுக்கோ, ஒரு கொம்பனியை விட்டா வேற வழி இல்லாத கடைக்காரருக்கோ? இந்த மூண்டுக்கும் மருந்து வேற வேற. ரெண்டாவதுக்கு பைபரே தேவையில்லை, அந்த வீட்டின்ர பில்லில கொஞ்சத்தை சபை கட்டினா காணும், அது எவ்வளவோ மலிவு.

சேர்வே எடுக்கேக்க "மலிவா நல்ல இன்ரநெற் தந்தா எடுப்பியளோ" எண்டு மட்டும் கேளாதேங்கோ, ஓம் எண்டு சொல்லாத மனிசர் இந்த ஊரில இல்லை. போன மாசத்து பில்லைக் காட்டச் சொல்லுங்கோ, படம் எடுங்கோ. இரவு எட்டு மணிக்கு, எல்லாரும் நாடகமும் யூரியூப்பும் பாக்கிற நேரம், அந்த வீட்டில நிண்டு ஸ்பீட் பாருங்கோ, இறக்கிறது மட்டுமில்லை ஏத்திறதையும் பாருங்கோ, ஏனெண்டா வெளிநாட்டில இருக்கிற பிள்ளையோட வீடியோவில கதைக்கிற அம்மாவுக்கு ஏத்திற ஸ்பீட்தான் முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடியில போன் என்ன பாடு படுகுதெண்டும் தனியா எழுதி வையுங்கோ, பிறகு வைபையோ கமராவோ போட யோசிச்சா அந்தக் கணக்கு உதவும்.

2020 லொக்டவுனில அக்காவின்ர மகன் ஒன்லைன் கிளாசுக்கு தண்ணித்தாங்கிக்கு மேல ஏறி குடையும் பிடிச்சுக்கொண்டு இருந்தவன், கீழ வந்தா சிக்னல் போயிடும். அந்த வீட்டுக்கு முன்னால போற றோட்டில பைபர் அப்பவே கிடந்தது, ஒழுங்கைக்குள்ள வரேல்லை, அவ்வளவுதான். இப்பிடியான வீடுகள் எத்தினை எண்டு வட்டாரம் வட்டாரமா எண்ணி ஒரு மப்பில குறிச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ரெண்டாம் படி: சபை என்னவா இருக்கப் போகுது?

வெறும் குழாயைப் பதிச்சுப்போட்டு கொம்பனியளுக்கு வாடகைக்கு விடலாம். குழாய்க்குள்ள பைபரையும் இழுத்து, வெளிச்சம் விடாத இழையா, அதாவது டார்க் பைபரா, குத்தகைக்குக் குடுக்கலாம். இழைக்குள்ள வெளிச்சம் விடுற மெசினும் பூட்டி நெற்வேர்க்கை ஓட்டி, அதுக்கு மேல விரும்பின கொம்பனி எல்லாம் வந்து சேவை விக்க விடலாம். இல்லாட்டி சபையே நேர வீட்டுக்கு வீடு லைன் குடுத்து பில் அடிக்கலாம்.

சுவீடன்ல ஸ்ரொக்ஹோம் நகரம் 1994ல ஸ்ரொக்காப் எண்டு ஒரு கொம்பனி தொடங்கி ரெண்டாவது வழியில போனது. நகரத்தின்ர கொம்பனி இழையை மட்டும் வாடகைக்கு விடும், யார் வந்து கேட்டாலும் ஒரே மாதிரி, வாடிக்கையாளரோட சண்டை பிடிக்கிற வேலை கொம்பனியளுக்கு. அமெரிக்காவில சற்றனூகா நகரத்தில நகரத்தின்ர மின்சார சபை கடைசி வழியில போய் 2010லேயே ஊர் முழுக்க ஒரு கிகாபிற் வேக இன்ரநெற் குடுத்தது. அதைக் காட்டி "பாருங்கோ அவை செய்தவை" எண்டு கனபேர் சொல்லுவினம். அவையிட்ட சொந்தக் கம்பம் இருந்தது, சொந்த பில் அடிக்கிற ஒபிஸ் இருந்தது, 111 மில்லியன் டொலர் மத்திய அரசு மானியமும் கிடைச்சது, அதோட அதே பைபரால கரண்ட் லைனில எங்க பிழை எண்டு தானா கண்டுபிடிச்சு கரண்ட் நிக்கிற நேரத்தையும் குறைச்சவை. எங்கட சபையிட்ட கரண்ட் லைன் இல்லை, கம்பமும் இல்லை, அது மின்சார சபையின்ர. அப்ப அந்த உதாரணம் எங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

மற்றப் பக்கத்தையும் பாக்க வேணும். அமெரிக்காவில யூட்டா மாநிலத்தில புரோவோ எண்ட நகரம் சுமார் 39 மில்லியன் டொலர் கடன் எடுத்துக் கட்டின நெற்வேர்க்கை 2013ல கூகிளுக்கு ஒரு டொலருக்கு வித்தது. ஒரு டொலர்! நெற்வேர்க் கைமாறிப் போனது, கடன் ஊரோட நிண்டிட்டுது.

என்னைக் கேட்டா யாழ்ப்பாணம் முதல் ரெண்டு வழிக்குள்ள நிக்கிறது நல்லம். இரவு பதினொரு மணிக்கு "இன்ரநெற் வேலை செய்யேல்லை" எண்டு வாற போனுக்குப் பதில் சொல்லுற பழக்கம் சபைக்கு இல்லை, குப்பை எடுக்க வரேல்லை எண்டு வாற போனே காணும்.

மூண்டாம் படி: றோட்டு யாரின்ர, சட்டம் என்ன

உது சலிப்பான வேலை, ஆனா இதில பிழைச்சா எல்லாம் பிழை. கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி மாதிரிப் பெரிய றோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர. இடையில கொஞ்சம் மாகாண வீதித் திணைக்களத்துக்கு. மிச்ச உள் றோட்டும் ஒழுங்கையும்தான் மாநகர சபைக்கு. அப்ப சபை தன்ர ஒழுங்கையில எல்லாம் குழாய் பதிச்சாலும் ஒழுங்கைகளை ஒண்டோட ஒண்டு தொடுக்கிற பெரிய றோட்டில மற்ற ஆளிட்ட அனுமதி வேணும். முதல் நாளே அவையையும் மேசைக்குக் கூப்பிடுங்கோ.

1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி தொலைத்தொடர்பு முறைமை ஒண்டை நடத்த லைசென்ஸ் வேணும், அதைப் பாக்கிறது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. வெறும் குழாயை வாடகைக்கு விடுறது, டார்க் பைபர் குடுக்கிறது, வீட்டுக்கு சேவை விக்கிறது, இந்த மூண்டுக்கும் என்னென்ன அனுமதி வேணும் எண்டு ஆணைக்குழுவிட்ட தனித்தனியா கடிதம் போட்டு எழுத்தில பதில் எடுங்கோ. "எனக்குத் தெரிஞ்ச ஒராள் கொழும்பில இருக்கிறார், பிரச்சினை இல்லை எண்டு சொன்னவர்" எண்டது பதில் இல்லை.

சட்டத்தோட சேர்ந்த இன்னொரு விசயம், காசே செலவழியாம இந்த மாசமே செய்யக்கூடியது. வீதி வெட்ட அனுமதி கேட்டு வாற ஒவ்வொருத்தரும், தண்ணியோ வாய்க்காலோ கேபிளோ, அதே குழிக்குள்ள சபைக்கெண்டு ரெண்டு வெறும் குழாயும் வைச்சு மூட வேணும், குழாய்க் காசை சபை குடுக்கும், கிண்டுற காசு அவையின்ர. இதைச் சபையில தீர்மானமா எடுத்து அனுமதிப் பத்திரத்தில நிபந்தனையாப் போடலாமோ எண்டு சபையின்ர சட்டத்தரணியிட்ட கேளுங்கோ. யாழ்ப்பாணம் கிளிநொச்சி தண்ணித் திட்டத்துக்கு ஊர் முழுக்க கிண்டினவை, தாளையடியில கடல் தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024ல திறந்ததும் அதே திட்டத்திலதான். உலக வங்கிக் காசில வாய்க்காலும் றோட்டும் திருத்தினவை. அந்தக் குழியளுக்குள்ள எல்லாம் ரெண்டு இஞ்சி குழாய் ஒண்டு போட்டு மூடியிருந்தா இண்டைக்கு இந்தக் கட்டுரையை நான் எழுதத் தேவையில்லை. நினைக்க வயிறு எரியுது.

நாலாம் படி: கணக்கு

இதில நேரம் எடுங்கோ. கீழ வாற தொகை எல்லாம் கணக்கு விளங்கிறதுக்காக நான் வைச்ச எண்கள், உங்கட கொன்ராக்ற்காரர் தாற விலையைப் போட்டு நீங்களே திருப்பிச் செய்யுங்கோ.

ஆயிரம் வீடு உள்ள ஒரு வட்டாரம் எண்டு வையுங்கோ. ஒவ்வொரு வீட்டுப் படலை வரைக்கும் பைபர் கொண்டுபோக வீட்டுக்கு 40 ஆயிரம், அப்ப 4 கோடி. லைன் கேக்கிற வீட்டுக்கு உள்ள இழுத்து மெசின் பூட்ட இன்னொரு 30 ஆயிரம். காசைக் கடனா எடுக்கிறம், 10 வீத வட்டி, 15 வருசம். ஆயிரத்தில 300 வீடு லைன் எடுத்தா மொத்தச் செலவு 4 கோடி 90 லட்சம், வருசக் கட்டுக்காசை 12ஆல பிரிச்சா மாசம் கிட்டத்தட்ட 5 லட்சத்து 37 ஆயிரம், அதை 300ஆல பிரிச்சா வீட்டுக்கு 1,790 ரூபா. 500 வீடு எடுத்தா அது 1,205ஆ இறங்குது. 200 வீடுதான் எடுத்தா 2,520. உது வெறும் கடன் கட்டுறதுக்கு மட்டும், இதுக்கு மேலதான் வெளியால இருந்து வாங்கிற இன்ரநெற், கரண்ட், ஆக்களின்ர சம்பளம், உடைஞ்சா திருத்திற காசு எல்லாம் வரும்.

இப்ப விளங்குதோ? படலை வரைக்கும் கொண்டுபோற 4 கோடி, ஒருத்தரும் லைன் எடுக்காட்டியும் போனது போனதுதான். அதால திட்டம் தப்புறதும் தாழுறதும் எத்தினை வீடு எடுக்குதெண்டதிலதான் கிடக்கு. ஏற்கெனவே ரெண்டு கொம்பனி நிக்கிற றோட்டில சபை மூண்டாவதாப் போய் நிண்டா பாதிப் பேர் மாறி வருவினம் எண்டு நம்பாதேங்கோ, மற்றவை அடுத்த நாளே ஓபர் போடுவினம். கொன்ராக்ற் எழுத முதல் வீடுகளிட்ட ஒரு சின்ன முற்பணம் வாங்குங்கோ, 2,000 ரூபாவோ என்னவோ, காசு தந்தவனின்ர ஓமும் தராதவனின்ர ஓமும் ஒண்டில்லை.

டொலரையும் மறக்கக் கூடாது. மெசின் எல்லாம் வெளிநாட்டுச் சாமான், 2022ல 200 ரூபாக்கிட்ட நிண்ட டொலர் ரெண்டு மாசத்துக்குள்ள 350ஐத் தாண்டினதைப் பாத்தனாங்கள்தானே. குழாயும் கிண்டுறதும் ரூபாச் செலவு, பல பத்து வருசம் கிடக்கும். மெசின் டொலர்ச் செலவு, ஏழெட்டு வருசத்தில பழசாப் போயிடும். மெசினைக் கொம்பனியளின்ர தலையில விட்டிட்டு குழாயோட சபை நிக்க வேணும் எண்டு நான் சொல்லுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அஞ்சாம் படி: ஊருக்கு வெளியால போற வழி

ஊருக்குள்ள ஆயிரம் மெகாபிற் ஓடினாலும் ஆனையிறவுக்கு அங்கால போற வாசல் சின்னனெண்டா என்ன பலன்? வடக்கில கடலடிக் கேபிள் ஏறுற இடம் இல்லை, எல்லாம் கொழும்புப் பக்கமும் மாத்தறைப் பக்கமும்தான், அப்ப எங்கட வீட்டில தட்டுற எல்லாம் வன்னி தாண்டிப் போய்த்தான் வெளிநாட்டுக்குப் போகும். தரையால ரெண்டு பாதை இருக்கு, ஒண்டு ஏ9இல ஆனையிறவால, மற்றது 2011ல சங்குப்பிட்டிப் பாலம் திறந்தாப்பிறகு பூநகரியால. மொத்தமா இன்ரநெற் விக்கிற கொம்பனியோட கதைக்கேக்க "உங்கட லைன் எந்தப் பாதையால போகுது" எண்டு மப்பில கீறிக் காட்டச் சொல்லுங்கோ. ரெண்டு கொம்பனியிட்ட வாங்கி ரெண்டும் ஆனையிறவால ஒரே கிடங்குக்குள்ளால போனா, ஒரு பெக்கோ மெசின் ஒருக்கா வாளியை இறக்கினா ரெண்டும் சேந்து போகும். ரெண்டு கொம்பனி முக்கியமில்லை, ரெண்டு பாதைதான் முக்கியம்.

ஆறாம் படி: கம்பத்திலயோ நிலத்துக்குக் கீழயோ

கம்பத்தில கட்டுறது மலிவு, கெதியா முடியும், மின்சார சபைக்குக் கம்ப வாடகை குடுக்க வேணும். கேரளாவில 2023ல தொடங்கின கேபோன் எண்ட அரச இன்ரநெற் திட்டம் மின்சார வாரியத்தின்ர கம்பத்தில கனக்கத் தங்கித்தான் போனது. எங்கட ஊரில பிரச்சினை தென்னை மட்டையும் பனை ஓலையும். 2008 நிஷா புயல் நேரம் லைன் கிடந்த கிடையைப் பாத்தவைக்குச் சொல்லத் தேவையில்லை. அதோட குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் உப்புக் காத்து, கிளிப்பும் ஆணியும் கெதியாத் துருப்பிடிக்கும், அங்க கல்வனைஸ் பண்ணினது காணாது, ஸ்ரெயின்லெஸ் போடுங்கோ.

நான் செய்யிறதெண்டா முதுகெலும்பு மாதிரிப் பெரிய றோட்டுகளில நிலத்துக்குக் கீழ, ஒழுங்கைக்குள்ள கம்பத்தில. நிலத்துக்குக் கீழ போறதுக்கு ரெண்டர் எழுதேக்க மண்ணுக்கு ஒரு விலை, கல்லுக்கு ஒரு விலை எண்டு தனித்தனியாக் கேளுங்கோ, முதலே அம்பது மீற்றருக்கு ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாத்திட்டுக் கேளுங்கோ. எங்கட ஒழுங்கைப் பெடியனின்ர கதை ரெண்டாந்தரம் நடக்கத் தேவையில்லை.

மெசின் பக்கம் பெரிசா யோசிக்க ஒண்டுமில்லை. ஜிபொன் எண்ட முறையில ஒரு இழையை 32 வீட்டுக்குப் பிரிப்பினம், மொத்தம் 2.5 கிகாபிற் இறங்கும், 32 வீடும் ஒரே நேரத்தில இழுத்தாலும் வீட்டுக்கு 78 மெகாபிற்றுக்குக் கிட்ட வரும், அப்பிடி ஒரே நேரம் எல்லாரும் இழுக்கிறது நடக்காது. வெளிச்சம் 20 கிலோமீற்றர் வரைக்கும் போகும், எங்கட மாநகர எல்லை முழுக்க ஒரு அறையில இருந்தே எட்டும். இடையில நிக்கிற பிரிப்பானுக்குக் கரண்ட் தேவையில்லை. 2022ல நாள்க்கணக்கா பத்துப் பன்ரெண்டு மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை யோசிச்சுப் பாருங்கோ, அந்த அறைக்கு ஒரு நல்ல ஜெனரேற்றரும் வீட்டு ரவுற்றருக்கு ஒரு சின்ன பற்றரியும் இருந்தா லைன் நிண்டிருக்கும். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனத்துக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏழாம் படி: காசும் சபையும் சனமும்

கடன் எடுக்கிறதெண்டா சபை தன்ர எண்ணத்துக்கு எடுக்க ஏலாது, மேல அனுமதி வேணும். உள்ளூர் கடன் மற்றும் அபிவிருத்தி நிதியம் எண்டு ஒண்டு சபைகளுக்கெண்டே இருக்கு, அங்க கேட்டுப் பாருங்கோ. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களிட்டக் காசு வாங்கிறம் எண்டு ஒராள் கட்டாயம் எழும்பிச் சொல்லுவார். வாங்கலாம், பள்ளிக்கூடத்துக்கு லைன் எடுக்க, வாசிகசாலைக்கு வைபை போட. 15 வருசம் ஓட வேண்டிய நெற்வேர்க்கை அன்பளிப்பில நடத்த ஏலாது.

சபையின்ர ஆயுள் நாலு வருசம். 2018ல தெரிவான சபை 2023 மார்ச்சில முடிஞ்சு, 2025 மே தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினரே இல்லாம ஆணையாளர்தான் நடத்தினவர். அப்ப 15 வருசக் கடன் எத்தினை சபையைத் தாண்டும், இடையில சபையே இல்லாத காலம் வந்தா ஆர் கையெழுத்து வைக்கிறது? இதுக்குத் தனிக் கணக்கு, தனி ஒடிற், சபை மாறினாலும் மாறாத ஒரு சின்ன நிர்வாகக் குழு எண்டு முதலே எழுதி வைக்க வேணும். சோலைவரிக் காசோட கலந்தா அடுத்த வருசம் ஆரோ ஒராள் அதைத் தூக்கி வாய்க்காலுக்குப் போட்டிடுவார்.

சனத்தோட கதைக்கிறதைக் கடைசிக்கு விடாதேங்கோ. 2019ல ஸ்மார்ட் கம்பம் நட்ட நேரம் அது 5ஜி கோபுரம், வருத்தம் வரும் எண்டு சனம் றோட்டுக்கு இறங்கினது ஞாபகம் இருக்கும். சரியோ பிழையோ, முதல் நாளே வட்டாரக் கூட்டம் வைச்சு என்ன நடுறம், ஏன் நடுறம், ஆரின்ர காசு எண்டு விளங்கப்படுத்தியிருந்தா அவ்வளவு தூரம் போயிராது. பைபர் கேபிளை ஒரு முழம் வெட்டிக் கொண்டுபோய்க் கையில குடுங்கோ, உள்ள மயிர் மாதிரி ஒரு கண்ணாடி இழை, இவ்வளவும்தான் எண்டு காட்டுங்கோ.

எட்டாம் படி: சின்னனாத் தொடங்கி, உடைஞ்சா திருத்துங்கோ

ஊர் முழுக்க ஒரே நாளில வேண்டாம். முதல் சபையின்ர சொந்த இடங்களை இணையுங்கோ, மாநகர சபைக் கட்டடம், உப அலுவலகங்கள், சந்தை, பஸ் நிலையம், பொது நூலகம். இப்ப அந்த இடம் ஒவ்வொண்டுக்கும் கட்டுற பில் முழுக்கக் கூட்டிப் பாருங்கோ, அது மிச்சப்பட்டாலே முதல் வருச வருமானம். பிறகு முதல் படியில மப்பில குறிச்ச, லைன் வராத வட்டாரம் ஒண்டு. ஒரு மாரி முழுக்க அது ஓடட்டும், ஐப்பசி கார்த்திகை மழை தாண்டினா பிறகு அடுத்த வட்டாரத்தைக் கதைப்பம்.

திருத்திற ஆளைத் திட்டம் தொடங்க முதலே பிடிக்க வேணும். இழை அறுந்தா எந்த இடத்தில அறுந்ததெண்டு மீற்றர்க் கணக்கில காட்டுற ஒரு மெசின், ரெண்டு நுனியையும் உருக்கி ஒட்டுற இன்னொரு மெசின், ரெண்டையும் கையாளத் தெரிஞ்ச ரெண்டு பெடியள். ஒராள் காணாது, ஒராளெண்டா அவன் கனடா போற அண்டைக்கு நெற்வேர்க்கும் போயிடும். ஒவ்வொரு குழாயும் எந்த மதிலில இருந்து எத்தினை அடி தள்ளி, எத்தினை அடி ஆழத்தில கிடக்கெண்டு மூட முதலே படம் எடுத்து ஒரு கொப்பியிலயும் கொம்பியூட்டரிலயும் பதிஞ்சு வையுங்கோ, ஏனெண்டா அடுத்த கிழமை ஆரோ ஒராள் அதே ஒழுங்கையில அலவாங்கோட வந்து நிப்பான்.